தலைப்புச் செய்தியும் பொட்டலத் தாளும்: பழைய பத்திரிகையின் மதிப்பு எதில் இருக்கிறது?

சென்ற மாதம் மாமா ஊரிலிருந்து வந்திருந்தார். துணிப்பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பொதியை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலே சுற்றியிருந்த பழுப்புத் தாளைப் பிரித்து ஓரமாக ஒதுக்கினார். உள்ளே நான்காக மடித்த ஓர் ஆங்கில நாளிதழ் இருந்தது. தேதி 1948 ஜனவரி 31. காந்தி சுடப்பட்டதற்கு மறுநாள் வெளிவந்தது.

"அப்பா பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார், மாப்பிள்ளை. லட்சக்கணக்கில் போகும் என்று ஊரில் சொல்கிறார்கள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்."

பழைய பத்திரிகைகளைச் சேர்ப்பவன் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். கேட்பவர் முகத்தில் இருக்கும் எதிர்பார்ப்பைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்வது எளிதன்று. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். காந்தி மறைந்த செய்தி வந்த தாளை அன்று வாங்கியவர்களில் பலர் அதைத் தூக்கி எறியவில்லை. மாமாவின் தந்தையைப் போலவே ஆயிரமாயிரம் பேர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். 1947 ஆகஸ்ட் 15 இதழ்களுக்கும் நேரு மறைந்த மறுநாள் வந்த 1964 மே 28 இதழ்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்ட மறுநாளான 1963 நவம்பர் 23 இதழ்களும், மனிதன் நிலவில் நடந்த செய்தி வந்த 1969 ஜூலை 21 இதழ்களும் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன. விற்க வருபவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. அதனால் விலை ஏறுவதில்லை.

எல்லோரும் பத்திரப்படுத்திய தாள் அரிதாவதில்லை. பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத தாள்தான் அரிதாகிறது. பழைய பத்திரிகையின் மதிப்பை எடைபோட இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மாமாவிடம் அந்த மேலுறைத் தாளைக் கேட்டேன். "இதையா?" என்று வியந்தபடி நீட்டினார். ஒரே தாள், இரண்டு பக்கம். மேல் ஓரம் கிழிந்து, பத்திரிகைப் பெயரின் பாதியும் தேதியும் போயிருந்தன. எங்கள் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் சில ஆண்டுகள் வந்து நின்றுபோன வாரப் பத்திரிகை அது என்பது மீதியிருந்த எழுத்துகளில் தெரிந்தது. சந்தை நிலவரம், நீதிமன்ற ஏல அறிவிப்பு, டூரிங் டாக்கீஸ் விளம்பரம், தேர்த் திருவிழா நிகழ்ச்சி நிரல். அந்தப் பத்திரிகையை அதற்கு முன் நான் கண்ணால் கண்டதில்லை.

நம் ஊரில் பத்திரிகைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். படித்து முடித்த மறுநாளே தாள் வேறு வேலைக்குப் போய்விடும். மளிகைக் கடையில் துவரம்பருப்புப் பொட்டலம், பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை, அலமாரித் தட்டில் விரிப்பு, வடையின் எண்ணெயை ஒற்றியெடுக்க ஒரு துண்டு. மிச்சம் எடைக்குப் போகும். அதையும் தாண்டி நின்றதைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொண்டன. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அவற்றுக்குத் துணை நின்றது. ஒரு தமிழ் நாளிதழின் 1920-களின் இதழ் ஒன்று இன்று முழுதாகக் கையில் கிடைக்கிறது என்றால், இத்தனையையும் அது கடந்து வந்திருக்கிறது என்று பொருள்.

அச்சமும் தாள்களை அழித்திருக்கிறது. பாரதி பொறுப்பில் 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழை எடுத்துக்கொள்வோம். 1908-இல் அதன் பதிவுபெற்ற ஆசிரியராக இருந்த சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பத்திரிகை புதுச்சேரிக்குப் போய், 1910-இல் நின்றுபோனது. அப்படிப்பட்ட ஒரு தாளை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்று நினைத்த காலம் அது. அதனால் 'இந்தியா'வின் ஓர் அசல் இதழ், காந்தி மறைவுச் செய்தி வந்த நூறு இதழ்களைவிட அரிது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கி 1899-இல் நாளிதழாகிய சுதேசமித்திரனும் அப்படித்தான். பாரதி அதில் எழுதி நூல் வடிவம் பெறாமல் கிடந்தவற்றை எழுத்தாளர் பெ. தூரன் பழைய கட்டுகளைப் புரட்டிப் புரட்டித்தான் மீட்டெடுத்தார். அந்தக் கட்டுகள் எடைக்குப் போயிருந்தால் பாரதியின் ஒரு பகுதியே நமக்குக் கிடைத்திருக்காது.

ஈழத்தில் நெருப்பு. 1981 மே இறுதியில் தொடங்கி ஜூன் முதல் நாளுக்குள் நீண்ட அந்த இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1959 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துகொண்டிருந்த 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தில் இருந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி உலகம் பேசியது, பேசவும் வேண்டும். ஆனால் நாளிதழ்க் கோப்புகளின் இழப்பு வேறு வகையானது. எரிந்த நூலுக்கு இன்னொரு படி எங்காவது இருக்கும். ஒரு நகரத்தின் அன்றாடத்தைப் பதிந்து வைத்த தாளுக்கு இன்னொரு படி இருப்பது அபூர்வம். 1981-க்கு முந்தைய ஈழநாடு ஒன்று உங்கள் உறவினர் வீட்டில் இருக்குமானால் தயவுசெய்து அதை எடைக்குப் போட விடாதீர்கள். அதை நகலெடுத்துப் பொதுவில் வைக்க 'நூலகம்' மின்னூலகத்தார் இருக்கிறார்கள்.

வயது ஆக ஆக விலை கூடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 1790-களில் லண்டனில் அச்சான ஒரு தாளையும் 1950-இல் சென்னையில் அச்சான ஒரு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதுதான் வெள்ளையாகவும் துணிபோல வளையக்கூடியதாகவும் இருக்கும். அன்று தாள் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. 1844-இல் ஜெர்மனியின் பிரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பத்திரிகைத் தாள் மரக்கூழுக்கு மாறியது. மரத்தில் உள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாளில் உள்ள அமிலம் இழைகளை உள்ளிருந்தே அரிக்கும். அதனால்தான் தாத்தா காலத்துப் பேப்பர் தொட்டால் பொடிகிறது, அவருடைய தாத்தா காலத்து ஆங்கிலத் தாள் நிமிர்ந்து நிற்கிறது. பழுப்பாக இருந்தால் மிகப் பழையது என்று எண்ணுவது தவறு. இரண்டு கோடை மொட்டைமாடி வெயிலில் கிடந்தால் போன வருடத் தாளும் அந்த நிறத்துக்கு வந்துவிடும். இந்தச் சூட்சுமம் போலிகளைத் தயாரிப்பவர்களுக்கும் தெரியும்.

அசல்தானா என்ற கேள்விக்கு இங்கேதான் வருகிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டியது இதுதான். புகழ்பெற்ற இதழ் என்றால் அதன் மறு அச்சும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்ற வேண்டும் என்ற நோக்கத்தோடு எல்லோரும் அச்சிடவில்லை. நினைவுப் பொருளாக, விளம்பரமாக, ஆண்டு விழா இணைப்பாக அச்சிட்டார்கள். ஐம்பது, நூறு ஆண்டுகள் கழிந்ததும் அந்த மறு அச்சே பழுப்பேறி அசல்போல நிற்கிறது.

அமெரிக்காவில் 'அல்ஸ்டர் கவுண்டி கெசட்' என்ற சிறு பத்திரிகையின் 1800 ஜனவரி 4 இதழ் ஜார்ஜ் வாஷிங்டனின் மறைவைச் சுமந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டு நெடுக அது அறுபதுக்கும் மேற்பட்ட விதங்களில் மறுபடி அச்சிடப்பட்டது. வீட்டுக்கு வீடு 'அசல்' வைத்திருந்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கே உண்மையான ஒரு படி 1930-இல்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது விக்ஸ்பர்க் நகரம் முற்றுகையில் சிக்கியது. பத்திரிகைத் தாள் தீர்ந்துபோய், அந்த ஊர்ப் பத்திரிகையான 'டெய்லி சிட்டிசன்' சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சானது. ஜூலை 2 தேதியிட்டு அச்சுக் கோத்து வைத்திருந்த நிலையில், ஜூலை 4 அன்று நகரம் வீழ்ந்தது. உள்ளே வந்த எதிர்ப்படை வீரர்கள் அதே எழுத்துகளோடு ஒரு குறிப்பைச் சேர்த்து அச்சிட்டார்கள். இதுவே சுவர்க்காகிதத்தில் வரும் கடைசி இதழ், பிற்காலத்தில் இது ஓர் அரும்பொருளாக மதிக்கப்படும் என்று அதில் எழுதினார்கள். சொன்னது பலித்தது. பலித்ததால் முப்பதுக்கும் மேற்பட்ட மறு அச்சுகள் சந்தையில் திரிகின்றன. யாழ்ப்பாணத்தில் 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பத்திரிகைகள் கோடு போட்ட பள்ளிக் கொப்பி (நோட்டுப் புத்தக)த் தாளில் அச்சானதை அறிந்தவர்களுக்கு விக்ஸ்பர்க் கதை அந்நியமாகத் தோன்றாது. அந்தக் கொப்பித்தாள் இதழ்களை நாம் எத்தனை பேர் சேர்த்து வைத்தோம் என்பதுதான் என் கவலை.

தமிழ்த் தாளைச் சோதிக்க நம்மிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆய்வுக்கூடம் வேண்டாம். விரல், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் வரலாறு போதும்.

முதலில் விரல். ஈய எழுத்துகளைக் கோத்து அழுத்தி அச்சிட்ட காலத்துத் தாளின் பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்துகள் லேசாகப் புடைத்திருக்கும், தடவினால் விரலுக்குத் தட்டும். எழுத்தை அழுத்தாமல் ரப்பர் உருளை வழியே மையைப் பதிக்கும் ஆப்செட்டில் எடுத்த மறு அச்சு வழவழவென்று தட்டையாக இருக்கும். பூதக்கண்ணாடியில், பழைய இதழைப் படம்பிடித்து அச்சிட்டதில் 'ண', 'ஞ', 'இ' போன்ற எழுத்துகளின் சுழிகள் மையால் அடைபட்டிருக்கும். படங்களை அச்சிட்ட பழைய உலோக பிளாக்கின் புள்ளிகள்மேல் புதிய புள்ளிகள் விழுந்து படங்கள் கலங்கலாகத் தெரியும். ஓரங்களையும் பாருங்கள். மறு அச்சின் கீழ் விளிம்பில் 'சிறப்பு மறுபதிப்பு' என்ற வரி இருந்து, அதை யாராவது நறுக்கியிருக்கலாம். மற்ற மூன்று ஓரங்களைவிடக் கீழ் ஓரம் குறுகியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அடுத்தது எழுத்து. 'லை', 'னை', 'ணை', 'ளை' நான்கும் முன்பு யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. 'ணா', 'றா', 'னா' மூன்றும் துணைக்கால் தனியே நிற்காமல் ஒட்டிய எழுத்துகளாக இருந்தன. 1978-இல் அரசாணை வந்த பிறகுதான் இன்றைய வடிவம் பொதுவழக்கானது. ஆகவே 1950 தேதியிட்ட தமிழ் நாளிதழில் இன்றைய 'லை' தென்பட்டால் நிறுத்தி யோசிக்க வேண்டும். விதிவிலக்கு பெரியாரின் இதழ்கள். குடி அரசில் அவர் 1935-லேயே இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார். அவருடைய 'விடுதலை' நாளிதழின் 1948-ஆம் ஆண்டு இதழில் சீர்திருத்த எழுத்து இருந்தால் அதுவே அதன் அசல் தன்மைக்குச் சாட்சி. இந்த விதிவிலக்கை அறியாமல் நல்ல இதழைப் போலி என்று ஒதுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, தாளில் அடிவரியாகவும் மூலையிலும் அச்சாகியிருக்கும் சின்னஞ்சிறு விவரங்கள். மாமாவின் மேலுறைத் தாளுக்குத் தேதி இல்லை என்றேன் அல்லவா? அதன் வயதை இப்படித்தான் கண்டுபிடித்தோம். மூலையில் விலை '6 ந.பை.' என்று இருந்தது. ந.பை. என்றால் நயா பைசா. அணா போய் பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-இல். 'நயா' என்ற அடைமொழியை நீக்கியது 1964 ஜூன் 1-இல். எனவே தாள் இந்த ஏழாண்டு இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. சந்தை நிலவரத்தில் வெல்லத்தின் விலையைப் பழைய எடையான வீசைக்கும் கிலோவுக்கும் அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். மெட்ரிக் எடை நடைமுறைக்கு வரத் தொடங்கியது 1958 அக்டோபரில். படிப்படியாகப் பழைய எடைகளை அகற்றி 1960-களின் தொடக்கத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். மக்கள் இரண்டு கணக்கையும் மனத்தில் வைத்துத் தடுமாறிய அந்த நாலைந்து வருடங்களுக்குள் தாள் வந்து நின்றது. டாக்கீஸ் விளம்பரத்தில் பாதி தெரிந்த படப் பெயரை நூலகத்தில் சரிபார்த்தால் வருடமே கிடைத்துவிடும்.

இதே கண்ணால் மற்றவற்றையும் பார்க்கலாம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் தாள் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. அதற்கு முன் 'சென்னை-2' என்பதுபோல மண்டல எண் மட்டுமே இருந்தது. இந்தியப் பத்திரிகைப் பதிவாளர் பதவி உருவானது 1956 ஜூலையில். அவருடைய பதிவு எண்ணைத் தாங்கிய '1949 இதழ்' இருக்க முடியாது. 'தமிழ்நாடு அரசு' என்ற அறிவிப்பு விளம்பரம் இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்குப் பின். பழைய பிரிட்டிஷ் தாள்களில் 1855 வரை வரி கட்டியதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்கும். நினைவுப் பிரதியில் அந்த முத்திரை இல்லாமல் போகும், இல்லாவிட்டால் மற்ற எழுத்துகளோடு ஒரே கறுப்பாக அச்சாகியிருக்கும்.

அசல் என்று உறுதியான பிறகு, எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரே தேதியில் ஒரே பத்திரிகை மூன்று, நான்கு முகங்களோடு வருகிறது. தொலைதூர ஊர்களுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போகவேண்டிய வெளியூர்ப் பதிப்பு முன்னிரவிலேயே அச்சேறிவிடும். நகரப் பதிப்பு பின்னிரவு வரை காத்திருக்கும். அறிஞர் அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3 அன்று, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில். பிப்ரவரி 3 தேதியிட்ட இதழ் என்று யாராவது கொடுத்தால், அந்தச் செய்தி அதில் இருக்கிறதா, எந்த ஊர்ப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். செய்தி இல்லாத இதழும் சாதாரணமானதில்லை. ஒரு மாநிலம் பெருந்துயருக்கு முந்தைய சில மணி நேரம் எதை நம்பிக்கொண்டிருந்தது என்பதற்கு அதுதான் சான்று.

அவசரத்தில் விழுந்த தவறுகள் பதிப்புகளில்தான் மாட்டிக்கொள்கின்றன. 1948 நவம்பர் 3 சிகாகோ டெய்லி டிரிப்யூன், அமெரிக்க அதிபர் தேர்தலில் டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று தலைப்பிட்டு வந்தது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்கூட்டியே பக்கத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி. வென்றவர் ட்ரூமன். அவர் அந்தத் தாளையே தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் படிகள் வெளியேறிய பிறகே தலைப்பை மாற்றினார்கள். அன்று சரியான செய்தியோடு வந்த பத்திரிகைகளை இன்று யாரும் தேடுவதில்லை. டைட்டானிக் மூழ்கிய 1912 ஏப்ரல் 15 அன்று பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று வந்த தாள்களையும் இப்படித்தான் தேடுகிறார்கள். சரியான தகவல் எங்கும் கிடைக்கும். அந்த மணி நேரத்தின் குழப்பம் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தோடு நின்றுவிடுபவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தபோது தில்லியில் பல பத்திரிகை அலுவலகங்கள் இருந்த பகுதிக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் அங்கிருந்து வரவேண்டிய பல பத்திரிகைகள் வெளிவரவில்லை. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. அதே நாள் பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் மரண அறிவிப்புப் பத்தியில் சில வரிகள் வந்தன. 'டி.ஈ.எம். ஓக்ரஸி' என்பவர் ஜூன் 26 அன்று இறந்தார், அவர் 'டி. ரூத்'தின் அன்புக் கணவர், 'எல்.ஐ. பெர்ட்டி'யின் தந்தை என்று. பெயர்களைச் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் டெமாக்ரஸி, ட்ரூத், லிபர்ட்டி; அதாவது ஜனநாயகம், உண்மை, சுதந்திரம். தணிக்கையாளர் கண்ணில் அது படவில்லை.

தமிழகத்தில் இதற்கு நிகரான ஒன்று தி.மு.க.வின் நாளிதழான முரசொலியில் இருக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, கட்சிக்காரர்கள் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடுத்தடுத்துக் கைதானார்கள். யார் யார் கைதானார்கள் என்று எழுதத் தணிக்கை விடவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. இன்று புரட்டும் ஒருவருக்கு அது வெறும் பெயர் வரிசை. பின்னணி தெரிந்தவர் கையில் அது தமிழ்ப் பத்திரிகை வரலாற்றின் அருமையான பக்கங்களில் ஒன்று. மதிப்பைக் காண்பதற்கு வரலாறு படித்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தாளின் நிலைமையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எல்லாப் பக்கங்களும் இருக்க வேண்டும். முதல் தாள் மட்டும் இருந்தால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். கத்தரித்து எடுத்த துண்டுக்கு விலை ஏறக்குறைய இல்லை. மடிப்புக் கிழிசலும் ஓரப் பழுப்பும் இயல்பானவை, அவற்றுக்காக வருந்த வேண்டாம். வருந்த வேண்டியது செலோ டேப் ஒட்டியதற்கும் லேமினேஷன் செய்ததற்கும். கடைக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கிப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிட்டால் அந்தத் தாளை இனி யாராலும் மீட்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் அங்கேயே இருந்து தன் வேலையைச் செய்யும். அன்பினால் செய்யப்படும் இந்தக் கொலையை எத்தனையோ வீடுகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அமிலமற்ற அட்டைப் பெட்டி, விரித்து வைக்க இடம், இருட்டு, ஈரமின்மை இவை போதும். பிரிட்டிஷ் நூலகம் பாஸ்டன் ஸ்பா என்ற ஊரில் தன் பத்திரிகைகளுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பி, தீயே பற்றாதபடி காற்றில் ஆக்சிஜனைக் குறைத்து வைத்திருக்கிறது. நம்மால் அவ்வளவு முடியாது. பரணிலிருந்து இறக்கி இரும்பு அலமாரியில் வைக்க முடியும்.

இனி விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. லட்சம் கேட்டு ஐந்து வருடமாக விற்காமல் இருக்கும் தாளின் படத்தைத்தான் மாமாவுக்கு ஊரில் காட்டியிருக்கிறார்கள். ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலப் பட்டியலைப் பாருங்கள். உண்மையான உச்சங்களும் அங்கே இருக்கின்றன. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை முதன்முதலில் வெளியிட்ட பத்திரிகையான பென்சில்வேனியா ஈவினிங் போஸ்ட்டின் 1776 ஜூலை 6 இதழ் ஒன்று 2013-இல் நியூயார்க் ஏலத்தில் 6,32,500 டாலருக்குப் போனது. ஒரு தேசத்தின் பிறப்பு ஆவணம், அச்சில் முதல் தோற்றம், எஞ்சியிருப்பவை மிகச் சில. மூன்றும் ஒரே தாளில் கூடினால்தான் அந்த விலை.

வாங்குவதற்கு முன் நூலக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கழித்துக் கட்டியதற்கான அடையாளம் இல்லாமல் வெறும் முத்திரை மட்டும் இருந்தால் அது எப்படி வெளியே வந்தது என்று கேட்க வேண்டும். சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், வரலாற்று மதிப்புடைய 75 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணங்களையும் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகிறது. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை உண்டு. வெளிநாட்டு வாங்குபவர் கிடைத்தார் என்று தபாலில் போட்டுவிடக் கூடாது.

இந்தச் சந்தையில் எனக்கு ஆறாத ஒரு மனக்குறை உண்டு. பைண்டு செய்த ஒரு வருடக் கட்டை ஒரு வியாபாரி உடைக்கிறார். பிறந்தநாள் பரிசாக, தேதிவாரியாக, தனித்தனித் தாள்களாக விற்கிறார். கூட்டிப் பார்த்தால் கட்டைவிட அதிகப் பணம். ஆனால் ஒரு பஞ்சத்தின்போது அரிசி விலை வாரவாரம் எப்படி ஏறியது, ஒரு வேலைநிறுத்தம் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று தேடும் ஆய்வாளருக்கு அந்தத் தொடர்ச்சிதான் உயிர். 365 வீடுகளுக்குச் சிதறிய பிறகு அதை யாரும் கூட்டிச் சேர்க்க முடியாது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தம் வருமானத்தையெல்லாம் நூலும் இதழுமாகச் சேர்த்தார், பூச்சி அண்டாமல் புகைபோட்டுக் காத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பு சிதறாமல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. தாள்தாளாக விற்றிருந்தால் இன்று நாம் அங்கே போய் உட்கார்ந்து படிக்க என்ன இருந்திருக்கும்?

மாமாவின் தாள்களுக்கு வருவோம். காந்தி இதழ் அசல்தான். பின்பக்கத்தில் எழுத்து விரலுக்குத் தட்டியது. ஆனால் உள்தாள் இல்லை, வெளித்தாள் மட்டுமே. விற்றால் ஊருக்கு வந்துபோன பஸ் செலவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றேன். அவருடைய தந்தை அதை ஏன் பூட்டி வைத்தார், அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நினைவிருப்பவற்றை எழுதித் தாளோடு வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அந்தக் குறிப்போடு சேரும்போது அது வேறு எந்த வீட்டிலும் இல்லாத ஆவணமாகிவிடும். மேலுறைத் தாளை இரண்டு பக்கமும் படமெடுத்து நூலகத்துக்கு அனுப்பினோம். முழு இதழ்கள் கிடைக்குமா என்று உடனே கேட்டு எழுதினார்கள்.

நேற்று மாமா தொலைபேசியில் அழைத்தார். பரணில் இன்னும் இரண்டு ட்ரங்குப் பெட்டிகள் இருக்கின்றனவாம், இரண்டிலும் அடியில் ஏதோ பழைய பேப்பர் விரித்திருக்கிறதாம், பசை போட்டு ஒட்டியிருப்பதுபோலத் தெரிகிறதாம். உரிக்க வேண்டாம், தண்ணீர் தொட்டுத் துடைக்கவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.